மதிப்பெண் விழும் இடம்

பொள்ளாச்சியில் என் தங்கை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் போன பிப்ரவரி முழுக்க ஒரு காகிதக் கட்டு கிடந்தது. பிளஸ் டூ இயற்பியல், முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் ஆறு. தங்கை மகன் மூன்று வாரத்தில் ஆறையும் எழுதி முடித்திருந்தான். ஒவ்வொன்றுக்கும் அலாரம் வைத்து மூன்று மணி நேரம், தலைப்புகளுக்குக் கறுப்பு மையில் அடிக்கோடு, பரீட்சைத் தாள் போலவே மடித்துக் கட்டிய நூல். "எவ்வளவு வரும் கண்ணு?" என்று கேட்டேன். "தெரியலீங் மாமா. ஆறு பேப்பர் முடிச்சுட்டேன்" என்றான்.

ஆறில் ஒன்றை எடுத்து, அந்த ஆண்டுக்கான விடைக்குறிப்பை அச்செடுத்து, சிவப்புப் பேனாவோடு இருவரும் உட்கார்ந்தோம். உட்காரும் முன் அவனே ஒரு மதிப்பீடு சொன்னான்: 70க்கு 60. திருத்தி முடித்தபோது 51 வந்தது. போன ஒன்பதில் அவனுக்கு உண்மையாகவே விடை தெரியாமல் போனது இரண்டு மதிப்பெண்தான். மீதி ஏழும் அவனுக்குத் தெரிந்தவை. அலகு எழுதவில்லை, வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயர் இல்லை, கதிர்ப்படத்தில் அம்புக்குறி இல்லை, 'தத்துவம்' கேட்ட இடத்தில் செயல்பாட்டை மட்டும் எழுதியிருந்தான். எல்லாம் தலையில் இருந்தது. தாளில் இல்லை.

அந்த ஏழு மதிப்பெண் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பையன் 18 மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருக்கிறான், எங்கே இழக்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஏழாவது தாளை எழுதியிருந்தாலும் அதே இடங்களில்தான் இழந்திருப்பான்.

கொங்குப் பகுதியில் பழைய வினாத்தாளுக்கு இருக்கும் மதிப்பு சாதாரணமானதில்லை. கோவை உக்கடத்துப் பழைய புத்தகக் கடைகளில் கைடுகளோடு வினாத்தாள் தொகுப்புகளும் கைமாறிக்கொண்டே இருக்கும். டியூஷன் சென்டர்களில் பத்தாண்டு வினாக்களைப் பாடவாரியாகப் பிரித்து, எந்தக் கேள்வி எத்தனை முறை வந்தது என்று பக்கத்தில் ஆண்டைக் குறித்துக் கொடுப்பார்கள். இதற்கு ஒரு வரலாறு உண்டு. தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீங்கிய 2007 முதல் நீட் வந்த 2017 வரை, தமிழ்நாட்டில் மருத்துவ இடத்தையும் பொறியியல் இடத்தையும் தீர்மானித்தது பிளஸ் டூ மதிப்பெண் மட்டுமே. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, ஈரோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் மாநிலம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை அந்தப் பத்தாண்டில் இழுத்தன. கறிக்கோழிபோல் அடைத்து வளர்க்கிறார்கள் என்ற பொருளில் 'பிராய்லர் பள்ளி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் இருக்கும் ஏளனத்தில் எனக்கு உடன்பாடில்லை. மானாவாரிக் காட்டை அடகு வைத்துப் பிள்ளையை விடுதியில் சேர்த்த குடும்பங்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு அந்த ஒரு மதிப்பெண் ஒரு தலைமுறையின் மாற்றம்.

அன்று பாடத்துக்கு 200 மதிப்பெண், மொத்தம் 1200. கட்-ஆஃப் கணக்கில் இயற்பியல் 50ஆகச் சுருங்கும். ஆகவே தேர்வில் இழந்த ஒரு மதிப்பெண், கட்-ஆஃபில் கால் மதிப்பெண். 2019 மார்ச் பிளஸ் டூ தேர்விலிருந்து பாடத்துக்கு 100, மொத்தம் 600. பொறியியல் கலந்தாய்வுக் கணக்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்ற பங்கு அப்படியே நிற்கிறது. எனவே இன்று இயற்பியலில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் அரை போகிறது. கணிதத்தில் போனால் முழு ஒன்று. பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி. என்று கோவையில் கல்லூரிப் பெயரைச் சொல்லி ஏங்கும் வீடுகளில், மதிப்பெண்ணின் எடை இரட்டிப்பானதை எத்தனை பேர் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார்கள் என்று தெரியவில்லை.

அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 2017 மே மாதம் மாநில, மாவட்ட ரேங்க் பட்டியல் வெளியிடுவது நிறுத்தப்பட்டது. அப்போது பள்ளிக் கல்வி அமைச்சர் கோபிசெட்டிபாளையத்துக்காரரான கே.ஏ. செங்கோட்டையன். பதினொன்றாம் வகுப்பைப் புறக்கணித்துவிட்டு இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே ஓட்டும் வழக்கத்துக்குத் தடை போட, பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வந்தது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லும் 'ப்ளூ பிரிண்ட்' புதிய முறையில் கைவிடப்பட்டது. அதுவரை ப்ளூ பிரிண்டையும் பழைய வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்தப் பாடத்தை விட்டுவிடலாம் என்று தெரிந்துவிடும். இன்றைய இயற்பியல் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு மதிப்பெண் வினா 15, இரண்டு மதிப்பெண் 6, மூன்று மதிப்பெண் 6, ஐந்து மதிப்பெண் 5. இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதிகளில் தலா ஒரு வினா கட்டாயம். பெரும்பாலும் அது கணக்கு. புக் பேக் கேள்விகளை மனப்பாடம் செய்தவனைக் கட்டாய வினா நிறுத்திவிடும்.

ஆக, அடுத்து என்ன வரும் என்று சொல்லும் சோதிடமாகப் பழைய வினாத்தாள் இருந்த காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதை எழுதும் பழக்கம் அப்படியே தொடர்கிறது, அதே எதிர்பார்ப்போடு. வினாத்தாளின் இன்றைய பயன் வேறு இடத்தில் இருக்கிறது. அதற்கு விடைக்குறிப்பு வேண்டும்.

விடைக்குறிப்பு எப்படிப் பயன்படுகிறது என்பது வெளியே பலருக்குத் தெரியாது. பொதுத் தேர்வுகளை நடத்துவது சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் உள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககம். தேர்வு முடிந்ததும் விடைத்தாள்களிலிருந்து மாணவரின் அடையாளம் நீக்கப்பட்டு, அவை மாவட்டங்களில் உள்ள திருத்தும் மையங்களுக்குப் போகும். மையத்தில் முகாம் அலுவலர், அவருக்குக் கீழே முதன்மைத் தேர்வாளர்கள், கூர்ந்தாய்வு அலுவலர்கள், அதற்குக் கீழே தாளைத் திருத்தும் உதவித் தேர்வாளர்கள். முதலில் முதன்மைத் தேர்வாளர்களும் கூர்ந்தாய்வு அலுவலர்களும் விடைக்குறிப்பை வைத்துத் திருத்திப் பார்க்கிறார்கள். பிறகே மற்றவர்கள் வருகிறார்கள். காலையில் 12 தாள், மதியம் 12 தாள் என்பது பிளஸ் டூ முகாம்களில் பல ஆண்டு வழக்கம். ஒரு தாளுக்குக் கால் மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பையன் மூன்று மணி நேரம் எழுதியதைப் பதினைந்து நிமிடத்தில் ஒருவர் படிக்கிறார். அவர் கண் எதைத் தேடுகிறது என்பதைத்தான் விடைக்குறிப்பு சொல்கிறது.

கோபிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைப் பார்க்கப் போனேன். இருபது ஆண்டுக்கும் மேல் முகாமுக்குப் போனவர். எடுத்த எடுப்பில் அவர் சொன்னது: "மார்க் குறைக்கறதுக்குன்னு நாங்க உக்கார்றதில்லீங்க. எங்க போடலாம்னு தேடிட்டே இருப்போமுங்க. போடறதுக்கு அவன் எதாவது எழுதியிருக்கோணுமில்லீங்களா?" இதைக் கேட்டபோது நான் அவ்வளவாக நம்பவில்லை. விடைக்குறிப்புகளை வரிவரியாகப் படித்த பிறகு நம்பினேன்.

கணித விடைக்குறிப்பின் தொடக்கத்தில் திருத்துபவருக்கான பொது அறிவுரைகள் இருக்கும். விடை முழுவதும் சரியாக இருந்தால், இடைப்பட்ட படிகளை எண்ணிக்கொண்டிராமல் முழு மதிப்பெண்ணையும் நேராகக் கொடுத்துவிடலாம் என்பது அதன் சாரம். 'ஸ்டேஜ் மார்க்' என்று ஆசிரியர்கள் சொல்லும் படிநிலை மதிப்பெண், விடையில் எங்காவது தவறு இருக்கும்போதுதான் வேலை செய்கிறது. ஒரு படி தவறாகப் போயிருந்து, அதற்குரிய சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தால், சூத்திரத்துக்கு உரியதைக் கொடுக்க வேண்டும். சூத்திரம் எழுதாமலே சரியாகப் போட்டவனைத் தண்டிக்கக் கூடாது. பாடநூலில் இல்லாத வழியில் போட்டிருந்தாலும் கணித நியாயம் சரியென்றால் மதிப்பெண் உண்டு. இவ்வளவு பெருந்தன்மையான ஓர் ஆவணம் நம் பள்ளிக் கல்வியில் வேறு இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். இதை ஒரு முறையாவது வாசித்த மாணவன், பாதியில் மாட்டிக்கொண்ட கணக்கைக் குறுக்காக அடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவானா? "தெரிஞ்ச வரைக்கும் எழுது" என்று ஆசிரியர் ஆயிரம் முறை சொல்வது காதில் ஏறாது. ஏன் எழுத வேண்டும் என்பதற்கான காரணம் விடைக்குறிப்பில் இருக்கிறது.

இயற்பியல் விடைக்குறிப்பின் தொனி கொஞ்சம் வேறு. விளக்கம், காரணம் கேட்கும் வினாக்களுக்கு மாணவர் தம் சொந்த நடையில் எழுதலாம். கருத்து மாறக் கூடாது, ஒரு கருத்தும் விடுபடக் கூடாது. கணக்கில் சூத்திரம் இல்லாவிட்டாலும் மீதிப் படிகள் சரியென்றால் அவற்றுக்கு மதிப்பெண் உண்டு. வரைபடத்தில் இரு அச்சுகளிலும் என்ன அளவு என்று குறித்திருக்க வேண்டும். ஒரு மதிப்பெண் வினாவில் குறியீடும் விடையும் இரண்டும் எழுத வேண்டும். இரண்டில் ஒன்று தவறாக இருந்தாலும் சுழியம். இந்தக் கடைசி விதியை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியபோது தங்கை மகன் தன் தாளைப் பறித்துப் பார்த்தான். ஒரு வினாவில் சரியான விடையை எழுதி, அவசரத்தில் 'இ' என்பதற்குப் பதில் 'ஈ' என்று போட்டிருந்தான்.

ஒரு கணக்கை அருகில் வைத்துப் பார்க்கலாம். குவியத் தொலைவு 20 செ.மீ. உள்ள குவிலென்சுக்கு முன்னால் 30 செ.மீ. தொலைவில் பொருள் இருக்கிறது. பிம்பம் எங்கே விழும்? மூன்று மதிப்பெண். லென்ஸ் சமன்பாட்டுக்கு ஒன்று, எண்களைப் பிரதியிடுவதற்கு ஒன்று, அலகோடு கூடிய விடைக்கு ஒன்று என்று இது பிரியலாம். பொருளின் தொலைவுக்கு எதிர்க்குறி இடும் மரபை நினைவில் வைத்தவனுக்கு, இருபதில் ஒரு பங்கிலிருந்து முப்பதில் ஒரு பங்கைக் கழித்தால் அறுபதில் ஒரு பங்கு. விடை 60 செ.மீ. மூன்று பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவள் '60' என்று மட்டும் எழுதி அலகை விட்டுவிட்டாள். இரண்டாமவன் சமன்பாட்டை எழுதி, எதிர்க்குறியை மறந்து, 12 செ.மீ. என்று முடித்தான். மூன்றாமவன் தொடங்கவே இல்லை. வீட்டில் அம்மாவிடம் மூவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அந்தக் கணக்கு தப்பாப் போச்சு." ஆனால் இவை மூன்று வேறு நோய்கள். முதலாமவளுக்கு எழுதும் பழக்கம் வேண்டும். மூன்றாமவன் பாடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். இரண்டாமவனுக்குக் குறியீட்டு மரபு என்ற ஒரே ஒரு கருத்து புரியவில்லை; அதைச் சரிசெய்தால் ஒளியியலில் இன்னும் நான்கு கணக்குகள் அவனுக்குத் தாமாகத் திறந்துகொள்ளும். மொத்த மதிப்பெண் இதைச் சொல்லாது. படிநிலை மதிப்பெண் சொல்லும்.

மொழிப் பாடத்தில் விடைக்குறிப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பத்தாம் வகுப்புத் தமிழில் கடிதம் ஒரு நல்ல உதாரணம். அனுப்புநர், பெறுநர், பொருள், விளிப்பு, கடிதச் செய்தி, இடம், நாள், கடைசியில் உறைமேல் முகவரி என்று ஒவ்வொன்றும் விடைக்குறிப்பில் தனித்தனியாக நிற்கும். தெருவிளக்கு எரியவில்லை என்று நகராட்சி ஆணையருக்கு உருக்கமாக ஒன்றரைப் பக்கம் எழுதிவிட்டு, உறையை வரையாமல் விடும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்ப்பதாகத் தமிழாசிரிய நண்பர் ஒருவர் சொன்னார். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. நல்ல நடைக்கும் சட்டகத்துக்கும் இடையே சட்டகமே எளிதில் எண்ணப்படுகிறது. ஆனாலும் முகவரி இல்லாத கடிதம் போய்ச் சேராது என்பதும் உண்மைதானே.

ஒரே விடைத்தாளைப் பற்றிய தீர்ப்பு எவ்வளவு மாறக்கூடும் என்பதற்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. அதைச் செய்தவர்களில் ஒருவர் இந்தியாவுக்கு அறிமுகமானவர்: டாக்கா பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும், 1929இல் இந்தியக் கல்வி குறித்து அறிக்கை அளித்த குழுவின் தலைவருமான பிலிப் ஹார்ட்டாக். அவரும் ரோட்ஸ் என்ற புள்ளியியலாளரும் 1935இல் இங்கிலாந்தில் வெளியிட்ட ஆய்வில், ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்று விடைத்தாள்களை அனுபவமுள்ள 15 தேர்வாளர்களிடம் கொடுத்தார்கள். ஓராண்டுக்கு மேல் கழித்து, அதே தாள்களை அவர்களில் 14 பேரிடம் மீண்டும் கொடுத்தார்கள். தோல்வி, தேர்ச்சி, சிறப்புத் தேர்ச்சி என்ற தீர்ப்பு 210 சந்தர்ப்பங்களில் 92இல் மாறியது. வேறொருவர் திருத்தியதால் மாறவில்லை. அதே ஆள், அதே தாள், இடையில் ஓராண்டு. காலை 12, மதியம் 12 என்று திருத்தும் ஒரு மனிதரின் களைப்பு, மனநிலை, கையெழுத்தின் மீதுள்ள பிரியம் ஆகியவற்றிலிருந்து ஒரு குழந்தையின் உழைப்பைக் காப்பாற்றக் கட்டிய வேலி விடைக்குறிப்பு. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்களுக்கு எதிரான கத்தி என்று நினைத்திருக்கிறார்கள்.

பழைய வினாத்தாள் எழுதுவதே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பது திரும்பத் திரும்பப் படிப்பதைவிட மேல் என்பதற்கு வலுவான சான்று உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை இது. ஒரு பிரிவினர் ஒரு பகுதியை நான்கு தடவை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரே தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 83 விழுக்காடும் எழுதியவர்கள் 71 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்களிடம் எஞ்சியது 40, எழுதியவர்களிடம் 61. பரீட்சைக்கு முதல் நாள் இரவு படித்தது பசுமையாக இருப்பதுபோல் தோன்றுவதன் ரகசியமும், காலையில் அது காணாமல் போவதன் ரகசியமும் இந்த நான்கு எண்களில் இருக்கின்றன.

ஆனால் எழுதுவதோடு நின்றுவிட்டால் அடுத்த குழி காத்திருக்கிறது. தாம் எழுதியதைத் தாமே மதிப்பிடும்போது மாணவர்கள் தமக்குத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள். ஒஹாயோ மாநிலத்தின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டன்லாஸ்கியும் ராசனும் அவர்களது சகாக்களும் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். சரியான விடையையே பக்கத்தில் வைத்துக் கொடுத்தாலும், தவறான தம் விடைக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளும் பழக்கம் முழுதாக விடவில்லை. அந்தச் சரியான விடையைக் கருத்துக் கருத்தாகத் துண்டுபோட்டு, 'இது உன் விடையில் இருக்கிறதா? இது இருக்கிறதா?' என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கச் சொன்னபோது மதிப்பீடு துல்லியமானது. 2011இல் வந்த அந்த ஆய்வைப் படித்தபோது நுங்கம்பாக்கத்து விடைக்குறிப்புதான் நினைவுக்கு வந்தது. அரை, ஒன்று, ஒன்றரை என்று வலப்பக்கம் எண்ணைப் போட்டு, ஒரு விடையைத் துண்டு துண்டாக வைத்திருக்கும் அந்தத் தாள், அவர்கள் சோதனைக்காகச் செய்ததைப் பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது. முகாமுக்குள் மட்டும். கைடைப் பார்த்து "நானும் இதத்தான் எழுதியிருக்கேன்" என்று சொல்லும் பையனுக்கும், விடைக்குறிப்பை வைத்து அரை அரையாகத் தேடும் பையனுக்கும் உள்ள தூரம்தான் 60க்கும் 51க்கும் உள்ள தூரம்.

அந்தத் தாளை மாணவர் கையில் கொடுக்க ஏன் இவ்வளவு தயக்கம்? சட்டத்தின் நிலையே இரண்டு மனதாக இருக்கிறது. 2011 ஆகஸ்ட் 9 அன்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில், திருத்திய தன் விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பார்க்க மாணவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், செப்டம்பர் 2 அன்று பட்டயக் கணக்காளர் நிறுவனம் தொடர்பான வழக்கில், தேர்வாளர்களுக்குக் கொடுக்கப்படும் அறிவுரைகளும் விடைகளும் நம்பிக்கையின் பேரில் ஒப்படைக்கப்பட்டவை, அவற்றை அந்தச் சட்டத்தின்கீழ் வெளியிடக் கட்டாயமில்லை என்று கூறியது. தாளைப் பார்க்கலாம், எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று கேட்க முடியாது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடிவுக்குப் பிறகு ஒரு பாடத்துக்கு 275 ரூபாய் கட்டி விடைத்தாள் நகல் வாங்கும் பெற்றோர், பெரும்பாலும் அதை ஒரு டியூஷன் ஆசிரியரிடம் எடுத்துக்கொண்டு ஓடுவது இதனால்தான்.

மற்ற இடங்களில் இவ்வளவு மூடி வைப்பதில்லை. சி.பி.எஸ்.இ. தன் மாதிரி வினாத்தாள்களோடு மதிப்பீட்டுத் திட்டத்தையும் ஆண்டுதோறும் இணையத்தில் போடுகிறது. பிரிட்டிஷ் தேர்வு வாரியங்கள் அதோடு தேர்வாளர் அறிக்கையையும் வெளியிடுகின்றன. எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி தமிழிலேயே இருக்கிறது. இலங்கைப் பரீட்சைத் திணைக்களம் சாதாரண தர, உயர்தரப் பரீட்சைகளுக்கு வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், புள்ளி வழங்கும் திட்டத்தோடு, ஒவ்வொரு வினாவுக்கும் பரீட்சார்த்திகள் எப்படி விடையளித்தார்கள், எங்கே பொதுவாகத் தவறினார்கள், என்ன செய்யலாம் என்ற அவதானிப்புகளும் இருக்கும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தமிழில் கிடைப்பது கோயம்புத்தூர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. இங்கே விடைக்குறிப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களிலும் வலைத்தளங்களிலும் சுற்றுகிறது, அதில் எது இயக்ககத்துடையது, எது யாரோ ஓர் ஆசிரியர் நல்லெண்ணத்தில் தயாரித்தது என்று பிள்ளைகளால் பிரித்தறிய முடிவதில்லை. 2024 பிளஸ் டூ தேர்ச்சியில் திருப்பூர் மாவட்டம் 97.45 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம். இந்தப் பகுதி ஆசிரியர்களின் உழைப்புக்கு அதுவே சான்று. அவர்கள் முகாமில் ஒவ்வோர் ஏப்ரலும் கற்றுக்கொண்டு வருவதை ஜூனில் வகுப்பறைக்குள் எழுத்தாகக் கொண்டுவர, இயக்ககம் விடைக்குறிப்பையும் பொதுத் தவறுகள் பற்றிய ஒரு சிறு அறிக்கையையும் தமிழில் வெளியிட்டால் போதும்.

எதிர்வாதம் எனக்குத் தெரியும். விடைக்குறிப்பைக் கொடுத்தால் அதையும் மனப்பாடம் செய்வார்கள். எட்டு மாதத்தில் 'விடைக்குறிப்புக் கைடு' கடைக்கு வந்துவிடும். இந்த அச்சம் நியாயமானது. விடைக்குறிப்பு என்பது நல்ல விடை கிடையாது. அது ஒரு விடையின் எலும்பு. எலும்பை மட்டும் எழுதிப் பழகியவன், ஏன் அந்தப் படி அங்கே வருகிறது என்று கேட்க மறந்துவிடுவான். கட்டாய வினாவில் புதிதாக ஒரு சூழலைக் கொடுத்தால் கையைப் பிசைவான். கோபி டீச்சர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். விடைக்குறிப்பைக் கடைசியில்தான் கொடுப்பார். முதலில் ஒரு ஐந்து மதிப்பெண் வினாவைப் பலகையில் எழுதி, விடை எழுதச் சொல்லாமல், இதற்கு மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பீர்கள் என்று கேட்பார். நான்கு நான்கு பேராகக் கூடிப் பிரிப்பார்கள். படத்துக்கு ஒன்றா அரையா, நிபந்தனையைச் சொல்வதற்குத் தனியாக உண்டா என்று சண்டை வரும். "அந்தச் சண்டையில பாடம் படிஞ்சுருமுங்க. எதுக்கு மார்க்னு கேக்கறதும், இதுல எது முக்கியம்னு கேக்கறதும் ஒண்ணுதானுங்களே" என்றார். பிறகுதான் உண்மையான விடைக்குறிப்பைக் காட்டுவார். அவர்கள் பிரித்ததும் அதுவும் எங்கே வேறுபடுகிறது என்று பார்த்து, ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும்.

தங்கை மகனும் நானும் மீதி ஐந்து தாள்களையும் விடைக்குறிப்போடு எடுத்தோம். புதிதாக எதையும் முழுதாக எழுதவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தாள், அவனே திருத்துவான். இழந்த ஒவ்வோர் அரைக்கும் பக்கத்தில் ஒரு சொல்: 'தெரியாது', 'விட்டேன்', 'கேள்வியைப் பார்க்கவில்லை'. மூன்றாவது தாளிலேயே ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. 'விட்டேன்' பக்கம் பக்கமாக வந்தது, ஆனால் அதில் பாதி ஒரே வகை: படங்களில் பெயர் குறிக்காதது. 'கேள்வியைப் பார்க்கவில்லை' எல்லாமே கடைசிப் பகுதியில், நேரம் நெருக்கும்போது. தேர்வறையில் வினாத்தாளை வாசிக்க மட்டும் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தை இதுவரை அவன் விடைகளை நினைத்துப் பார்க்கச் செலவிட்டிருக்கிறான். ஐந்து மதிப்பெண் வினாக்களில் 'தத்துவம், அமைப்பு, வேலை செய்யும் விதம்' என்று எத்தனை உறுப்புகள் கேட்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க அதைப் பயன்படுத்தலாம் என்று அவனாகவே சொன்னான். ஒரு வாரம் விட்டு, இழந்த துண்டுகளை மட்டும் பார்க்காமல் எழுதினான்.

ஐந்தாவது தாளில் எங்களுக்குள் ஒரு தகராறு வந்தது. மாறுதிசை மின்சாரத்தில் ஒரு கணக்கை அவன் விடைக்குறிப்பில் இல்லாத வழியில் போட்டிருந்தான். விடை சரி. இடையில் ஒரு படியைத் தாவியிருந்தான். நான் ஒன்றைக் குறைத்தேன். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. டீச்சருக்குப் போன் போட்டோம். தாளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். கால் மணி நேரம் கழித்து அவரே அழைத்தார்.

"முகாம்ல முத நாள் இப்படித்தானுங்க யாராவது ஒருத்தர் ஒரு தாளத் தூக்கிட்டு வருவாங்க. கீயில இல்லாத வழி, ஆனா தப்புன்னு சொல்ல முடியாது. எல்லாரும் பேனாவக் கீழ வெச்சுட்டு அதையே போட்டுப் பார்ப்போம். எனக்கு முகாம்லயே பிடிச்ச நேரம் அதுங்க" என்றார். பிறகு, "போன அவங்கிட்டக் குடுங்க" என்றார்.

பையன் போனை வாங்கிக்கொண்டு திண்ணைக்குப் போனான். "சரிங் மேடம்... ஆமாங் மேடம்... அந்த ஸ்டெப் மனசுலயே போட்டுட்டேனுங்க" என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்து தாளை எடுத்து, தாவிய இடத்தில் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையில் எழுதினான். நான் குறைத்த ஒன்றை அடித்துவிட்டு, பக்கத்தில் அரை என்று போட்டான்.